ஆறு மாசத்துக்கு ஒருக்கா "சர்வர் சர்வீஸ்"னு வர்ற ஆள்கிட்ட உஷாரா இருங்க

சிவகாசில காலண்டர், நோட்டு அட்டை டிசைன் பண்ற சின்ன ஆபீஸ் எங்களுது. ரெண்டு ஐமேக், பில்லிங் டேலிக்கு நாலு விண்டோஸ் 10, தம்பியோட உபுண்டு லேப்டாப், அப்புறம் பிரிண்டிங் பிளேட் எடுக்கற மெஷினோட ஒட்டிப் பொறந்த ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் (அத மாத்தணும்னா மெஷினையே மாத்தணும்). எல்லாத்துக்கும் ஃபைல் ஒரே இடத்துல இருக்கட்டும்னு 2021 பிப்ரவரில ஒரு வெளியூர் பார்ட்டிகிட்ட சர்வர் போட்டோம். விண்டோஸ் சர்வர் 2019 ஸ்டாண்டர்ட், கூட 10 கிளையண்ட் ஆக்சஸ் லைசன்ஸ் (சர்வர பயன்படுத்தறவங்களுக்கு தனியா வாங்க வேண்டிய அனுமதி), அதுக்கு மட்டும் பில்லு 92,000. 25 பேருக்குள்ள இருக்க ஆபீசுக்கு எசென்ஷியல்ஸ்னு ஒரு எடிஷன் இருக்கு, அதுக்கு அந்த ஆக்சஸ் லைசன்ஸே தேவையில்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அது கூட போகுது விடுங்க.

"சர்வருக்கு எதுக்கு அண்ணாச்சி மானிட்டர், கரண்ட் வேஸ்ட்"னு சர்வர் போட்ட ஆளே அத கழட்டி வச்சுட்டாரு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு, தன் லேப்டாப்புல இருந்து ஏதோ ஒரு வரி அடிப்பாரு, ரீஸ்டார்ட் பண்ணுவாரு, டீ குடிச்சுட்டு 3,000 வாங்கிட்டுப் போவாரு. நாலு தடவ குடுத்தோம், 12,000.

2023 ஜூலை. ஆடி 18க்கு சாம்பிள் ஆல்பம் வெளிய வரணும், ஆபீஸே பரபரன்னு கெடக்கு, சர்வர் மணிக்கொரு தடவ தானா அணையுது. ஆள் போன எடுக்கல. ஹீட்டா இருக்கும்னு ஃபேன் வச்சோம், யூபிஎஸ் பேட்டரி மாத்தினோம், டிசைனர் பொண்ணு ஒவ்வொரு மணிக்கும் அலாரம் வச்சு சேவ் பண்ணுச்சு. கடைசில தம்பி எக்ஸ்பியோட மானிட்டர புடுங்கி சர்வர்ல சொருகுனான். வலது பக்கம் கீழ் மூலைல பொடி எழுத்துல "எவால்யுவேஷன்"னு இருக்கு, லைசன்ஸ் காலாவதின்னும் இருக்கு.

மைக்ரோசாஃப்ட் இலவசமா குடுக்கற 180 நாள் ட்ரையல் அது! நாள் முடிஞ்சா மணிக்கொரு தடவ ஷட்டவுன் ஆகும். அத இன்னும் சில தடவ நீட்டிக்கலாம், அதுக்கு ஒரே ஒரு கமாண்டு, அந்த ஒரு வரிதான் நம்ம 3,000 ரூபா சர்வீஸ். சரி, ஒழுங்கா கீ வாங்கிப் போட்டுருவோம்னு பாத்தா, அத டொமைன் கன்ட்ரோலரா (ஆபீஸ் கம்ப்யூட்டர்களோட லாகின், பாஸ்வேர்ட கவனிக்கற சர்வர்) வேற ஆக்கி வச்சிருக்காரு, அப்படி இருக்கறப்ப நேரா ஒரிஜினலா மாத்த விடாது.

உள்ள தோண்டத் தோண்ட வயிறு கலங்கிருச்சு. நெட்வொர்க்குல ஃபைல் பகிர எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1ங்கற பழைய முறை மட்டும்தான் தெரியும், சர்வர் 2019ல அது முதல்ல இருக்கவே இருக்காது, அந்த ஒத்த மெஷினுக்காக அத சர்வர்ல ஏத்தி விட்டிருக்காரு. 2017ல ஃபைல பூட்டிட்டு பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்த வழி அது. ஐமேக் பாஸ்வேர்ட் கேட்டு தொல்ல பண்ணுதுன்னு சொன்னதுக்கு, எல்லா ஃபோல்டருக்கும் "எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்", அதாவது யார் வேணா திறக்கலாம், மாத்தலாம், அழிக்கலாம். சம்பள ஃபோல்டரும் அதுல சேத்தி.

சர்வர் போடறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி மானிட்டர மாட்டச் சொல்லி "வின்வெர்"னு (winver, எந்த விண்டோஸ்னு காட்டற கமாண்டு) அடிச்சுப் பாருங்க, எவால்யுவேஷன்னு வந்தா எந்திரிச்சு வந்துருங்க. லைசன்ஸ் உங்க கம்பெனி பேர்ல எழுத்துல வேணும்னு கேளுங்க.

நாங்க எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டோம். எக்ஸ்பிய நெட்வொர்க்க விட்டே கழட்டியாச்சு, பிளேட் ஃபைல் பென்டிரைவ்லதான் போகுது. 92,000 ரூபா பில்லு இன்னும் ஃபைல்ல இருக்கு, ஜிஎஸ்டி நம்பரே இல்லாம.