நிலாவை ஷார்ப்பாக எடுக்க: பிரிட்ஜ் கேமராவா, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரா?

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கியது செகண்ட் ஹேண்டில் லென்ஸைக் கழற்றி மாட்டும் டிஎஸ்எல்ஆர் ஒன்று, கேனன் 1500டி, கூடவே 55-250 எஸ்டிஎம் லென்ஸ். போட்டியில் நின்றது நிக்கான் பி900, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா. நாகர்கோவிலில் நிலா எடுக்க ஒரு கேமரா வேண்டும் என்று நாலு பேரிடம் கேட்டால் மூணு பேர் பி900 பக்கம்தான் கை காட்டுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு உள்ளவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு விஷயத்தை அந்த மூணு பேரும் சொல்வதில்லை.

போனை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். நிலாவை அடையாளம் கண்டு அதன் விவரத்தை மென்பொருளே கூட்டிக் கொடுக்கும் வசதி தங்கள் போன்களில் இருப்பதாக சாம்சங்கே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஸ்டேட்டஸ் வைக்க அது தாராளம். போகஸ் பழக வேண்டும் என்றால் போன் உதவாது, அதில் நீங்கள் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அளவில் பி900தான் ஜெயிக்கிறது, சந்தேகமே வேண்டாம். 83 மடங்கு ஜூம், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமான எட்டம். முழு நிலா படத்தின் உயரத்தில் முக்கால்வாசியை நிரப்பும், குறுக்கே ஏறக்குறைய 2400 பிக்ஸல் வரும். என் 250 மி.மீ. லென்ஸில் அதே நிலா 600 பிக்ஸலைத் தொட்டால் உண்டு. இதைக் கேட்டதும் விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பிக்ஸல் நாலு மடங்கு என்பதற்காக விவரமும் நாலு மடங்கு வந்துவிடாது. லென்ஸின் திறப்பு எவ்வளவு அகலமோ அதற்குத் தக்கதுதான் நுணுக்கம். முழு ஜூமில் பி900இன் திறப்பு சுமார் 55 மி.மீ., 55-250க்கு சுமார் 45 மி.மீ. வித்தியாசம் உண்டு, பி900க்குச் சாதகமாகவே உண்டு. ஆனால் திரையில் பார்த்து மிரளும் அளவுக்கு இல்லை. பெரிய பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் என் 600 பிக்ஸல் கைகொடுக்காது.

இனி போகஸ். புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கறுப்பு வானத்தில் நிலா திரையில் வெறும் வெள்ளை வட்டமாகத் தெரியும். அந்த வெள்ளைக்குள் ஆட்டோபோகஸ் பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இருக்காது, முன்னும் பின்னும் அலையும். அதனால் முதலில் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், போகஸ் அதற்குப் பிறகுதான். பௌர்ணமிக்கு மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/200 நொடி வைத்துத் தொடங்கலாம். அரை நிலாவுக்கு ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றினால் போதும். இப்போது திரையில் பள்ளங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

லென்ஸை எம்எஃபுக்கு (கையால் போகஸ் செய்வதற்கு) தள்ளி, பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். சரியான இடம் வந்ததும் நின்றுவிடாதீர்கள். அதைத் தாண்டிப் போய், மங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமும் மங்கலைப் பார்த்தால்தான் நடுவில் எது உச்சம் என்று கண் நம்பும். நிலாவின் ஓரத்தை வைத்துப் போகஸ் செய்ய வேண்டாம், அங்கே நிறப் பிசிறு வந்து ஏமாற்றும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். அரை நிலா நாளில் அந்தக் கோட்டை ஒட்டி டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், ஆர்சாகெல் என்று மூன்று பள்ளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அல்ஃபோன்சஸின் நடுவில் இருக்கும் சின்ன மலைமுனை தெரிந்துவிட்டால் போகஸ் சரி. பௌர்ணமியில் நிழலே கிடையாது, பழகுவதற்கு அதுதான் மோசமான நாள். ஆனால் எல்லோரும் கேமராவைத் தூக்குவது அன்றைக்குத்தான்.

எஸ்டிஎம் லென்ஸில் வளையம் நேராகக் கண்ணாடியை நகர்த்துவதில்லை, உள்ளே மோட்டார்தான் நகர்த்துகிறது. கேமரா அணைந்திருக்கும்போது திருப்பினால் ஒன்றும் நடக்காது. கேமரா தானாகத் தூங்கி விழித்தால் போகஸை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. டிரைபாட்டில் இருக்கும்போது நடுக்கத்தைக் குறைக்கும் ஐஎஸ்ஸை அணைத்து, 2 நொடி டைமர் வைத்து எடுங்கள்.

பி900இல் இப்படித் திருப்ப லென்ஸில் வளையம் இல்லை. பின்னால் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். 2000 மி.மீ. எட்டத்தில் விரல் பட்டாலே நிலா திரைக்குள் குலுங்கும், அது அடங்குவதற்குள் நிலா கொஞ்சம் நகர்ந்திருக்கும். நிலா தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் எடுக்கும். நிலாவுக்கென்றே அதில் ஒரு மோட் இருக்கிறது, ஆட்டோபோகஸும் பெரும்பாலும் ஒழுங்காகவே பிடிக்கிறது. இரவல் வாங்கிப் பார்த்த அளவில் சொல்கிறேன், மாதக்கணக்கில் வைத்திருந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். பின்னால் வந்த பி950இல் லென்ஸ் பக்கவாட்டில் ஒரு டயல் கொடுத்திருக்கிறார்கள், கேமரா பதப்படுத்தாத ரா வடிவிலும் சேமிக்கலாம். பி900இல் ரா கிடையாது. அதே வரிசையில் இருக்கும் பி1000ஐ நான் தொட்டதே இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், என்னை டிஎஸ்எல்ஆர் பக்கம் தள்ளியது வளையம் இல்லை, பூசணம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நடுவில் காய்ந்தாலும் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் காற்றிலேயே உப்பு. குலசேகரம் பக்கம் போனால் உப்பு இல்லை, ஆனால் ரப்பர்க் காட்டு ஈரம். காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டியபடியே இருந்தால் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்கும். முட்டத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் சொன்னது இது: “மக்கா, கேமரா வாங்குறது ஒரு காரியமே இல்ல. வாங்குனத காயவச்சு வைக்கணும்லா, அதுதான் பாடு.”

நிலாப் படத்தில் இது ஏன் முதலில் கண்ணில் படும்? பகலில் எடுக்கும் படத்தில் லேசான பூசணம் தெரியவே தெரியாது. நிலா அப்படியில்லை. கறுப்புக்கு நடுவில் பளீரென்ற ஒரே ஒரு பொருள். கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும் நூல்கள் அந்த வெளிச்சத்தைச் சிதறடிக்கும். நிலாவைச் சுற்றி ஒரு பால் மூட்டம் வரும், பள்ளங்களின் நிழல் வெளிறிப் போகும். கான்ட்ராஸ்டை வைத்துத் தேடும் ஆட்டோபோகஸும் தடுமாற ஆரம்பிக்கும். போகஸ்தான் சரியில்லை என்று நினைத்து ராத்திரி முழுக்க வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். முன் கண்ணாடியில் படியும் உப்புப் படலமும் இதே வேலையைச் செய்யும். நல்லவேளையாக அதைத் துடைத்துவிடலாம். முதலில் புளோயரால் ஊதிவிட்டுத்தான் துணி படவேண்டும், இல்லையென்றால் மணலோடு சேர்த்துத் தேய்த்துவிடுவோம். ஏசி அறையிலிருந்து நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாலும் கண்ணாடி வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. பிரிட்ஜ் கேமராவில் லென்ஸும் உடலும் ஒன்று. ஜூம் செய்யும்போது குழல் அத்தனை நீளத்துக்கு வெளியே வந்து போகும், போகும்போதும் வரும்போதும் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே பூசணம் வந்தால் லென்ஸை மட்டும் கழற்றிக் கொடுக்க வழியில்லை. தெரிந்தவர் ஒருவர் தன் பிரிட்ஜ் கேமராவை ரிப்பேருக்குக் கொண்டுபோனார். லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். விற்கவும் முடியவில்லை.

55-250இலும் குழல் நீளும், அதற்கும் பூசணம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் போனால் லென்ஸ்தான் போகும், உடல் தப்பிக்கும். இன்னொரு 55-250 பழசாக எளிதில் கிடைக்கும். கழற்றிய லென்ஸ் ரப்பர் மூடி போட்ட சின்ன டப்பாவிலேயே அடங்கிவிடும். உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் வைத்தால் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது, அதற்கும் கீழே காயவைக்க வேண்டியதில்லை. நீல ஜெல் ரோஸ் நிறமானால் லேசான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். சமையல் சட்டியில் மட்டும் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் உப்பு. ஆரஞ்சு ஜெல்லாக வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

பி900 உண்மையிலேயே அடிக்கும் ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும். நாம் இருப்பது 8 டிகிரி வடக்கு அட்சரேகையில். உச்சிக்கு வரும் நிலா நமக்கு எப்போதும் 50 டிகிரிக்கு மேல், பல நாட்களில் தலைக்கு நேராகவே நிற்கும். கடல் மேல் எழும் நிலா அழகு. அதிலும் சித்திரா பௌர்ணமிக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் குமரிமுனையில் கூட்டம் அள்ளும். ஆனால் அடிவானத்துப் புழுக்கக் காற்றின் வழியாக எந்த லென்ஸாலும் ஷார்ப்பாக எடுக்க முடியாது. நிலா மேலே ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மேலே ஏறியபின் 1500டியின் மடங்காத திரையைப் பார்க்கத் தரையில் உட்கார்ந்து கழுத்தை ஒடிக்க வேண்டியிருக்கிறது. பி900இன் திரை எந்தப் பக்கமும் திரும்பும். கழுத்து வலி உள்ளவர்கள் 1500டியை விட்டுவிட்டு, திரும்பும் திரை உள்ள 200டி வகையைத் தேடுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடிக் காற்றில் இரண்டுமே ஒன்றுதான். டிரைபாட்டின் நடுக்கம்பியை உயர்த்தாமல், பையைக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் காற்று குறையும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச் கொண்டுபோங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தூசிப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, அவை படத்தைக் கெடுப்பதில்லை. வேர் மாதிரி கிளை பிரிந்த நூலோ, புகை படிந்த மாதிரி மங்கலோ தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். விற்பவர் கடலோரக்காரர் என்றால் லென்ஸை எதில் வைத்திருந்தார் என்று கேளுங்கள். டப்பாவைக் காட்டினால் மேலே பேசலாம்.