கும்பகோணம் பக்கம் ஒரு நீச்சல் குளம்: பிள்ளைகளைச் சேர்க்கும் முன் படியுங்கள்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, அதுவரை ஆற்றில் மணல்தான், அதனால் கோடை விடுமுறையில் மகனை கும்பகோணம் பக்கம் கூரை போட்ட ஒரு நீச்சல் குளத்தில் சேர்த்தேன். பயிற்சியாளர் தங்கமானவர், பத்தே நாளில் மிதக்க வைத்துவிட்டார். ஆனால் உள்ளே நுழைந்ததுமே குளோரின் நெடி மூக்கில் ஏறுகிறது. இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி பையன் விடாமல் இருமினான், மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம், எனக்குத் தூக்கமே போய்விட்டது.

நெடி அடித்தால் தண்ணீர் சுத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆகிறது, அதில் டிரைகுளோரமின் வாயுவாகத் தண்ணீருக்கு மேலேயே தேங்கும், நீந்துகிற பிள்ளை மூச்சு இழுப்பதும் அங்கேதான். ஆஸ்துமா இருந்தால் ரொம்பவே படுத்தும்.

இங்கே குளிக்காமலே இறங்குகிறார்கள், ஜன்னல்கள் பூட்டியே கிடக்கின்றன. தண்ணீரைப் பரிசோதிக்கும் கிட் கேட்டேன், அலமாரியிலிருந்து தூசி படிந்த டப்பா வந்தது. குளோரின் குறைந்தபட்சம் 1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு), பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டிய விஷயம் இது.

அப்புறம் திறந்தவெளிக் குளத்துக்கு மாற்றினோம், இருமல் நின்றது. ஜன்னலைத் திறந்து, இறங்கும் முன் எல்லோரையும் குளிக்கச் சொன்னால் அந்தப் பயிற்சியாளரிடமே திரும்பவும் விடுவேன்.