அப்பத்தா போனுக்கு எந்தப் பூட்டு?

பள்ளத்தூரில் உறவுக்கார வீடு ஒன்று. அப்பச்சி (அப்பா) சிங்கப்பூரில், ஆத்தா (அம்மா) காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறார், 11 வயதுப் பையனுக்கு மாலை முழுக்க அப்பத்தாதான் துணை. கோடை விடுமுறையில் நான் போயிருந்தபோது இரண்டாம் கட்டுத் தூணில் சாய்ந்து அப்பத்தாவின் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குள்ளேயே பேசும் ஒருவன், "இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லு, டயமண்ட் போட்டு விடுறேன்" என்கிறான். டயமண்ட் என்பது விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு. பையன் ஆறு இலக்கத்தில் நாலைச் சொல்லிவிட்டான். போனைப் பிடுங்கிப் பார்த்தால், அது அப்பத்தாவின் வாட்ஸ்அப்பைத் திறக்கும் ஓடிபி. மிச்சம் இரண்டையும் சொல்லியிருந்தால், அப்பத்தா பெயரில் சிங்கப்பூர் மகனிடம் எவனோ பணம் கேட்டிருப்பான்.

இந்த மாதிரி வீடுகளில் மூன்று வழிகளைப் பார்த்திருக்கிறேன்: கூகுளின் ஃபேமிலி லிங்க், போனை வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொள்வது, பட்டன் போனோடு நிறுத்திவிடுவது.

பட்டன் போனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சின்ன வகுப்பு வரை சரி. அப்புறம் வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. பிள்ளை பக்கத்து வீட்டுப் போனைத் தேடிப் போகும், அங்கே என்ன பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஃபேமிலி லிங்க் நல்ல கருவி, காசும் கிடையாது. பிள்ளை புது ஆப் இறக்கினால் நம் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டு என்று நாமே வைக்கலாம். ஆனால் அது பிள்ளைக்கென்று தனிக் கூகுள் கணக்கு இருக்கும் போனில்தான் வேலை செய்யும். நம் பக்கத்தில் பல பிள்ளைகளின் கையில் இருப்பதோ அப்பத்தாவின் அல்லது ஆயாவின் (அம்மாவைப் பெற்றவர்) போன். அதில் இருப்பது பெரியவர் கணக்கு, பார்ப்பது குழந்தை என்று ஃபேமிலி லிங்குக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, ஒரு விளையாட்டுக்கு நாம் சரி சொல்லிவிட்டால் உள்ளே வந்து பேசுகிறவனை அது தடுக்காது. வாட்ஸ்அப்பில் யார் என்ன அனுப்பினார்கள் என்றும் காட்டாது.

பெரியவர் போனைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், முதலில் வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். ஓடிபி கைமாறினாலும் தனி பின் நம்பர் இல்லாமல் திறக்காது. சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ். நாம் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படி அதில் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் என்று ஒன்று உண்டு, பிள்ளை அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர வேண்டுமானால் பின் கேட்கும்படி செய்யலாம். இவ்வளவையும் அந்த அப்பத்தாவுக்குச் சொல்லித் தர எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. இப்போது அவரே பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

10 வயதுக்கு மேல் என் ஓட்டு வளவுக்குத்தான். நாலு பக்கமும் அறை, நடுவில் வெளிச்சம், ஆள் நடமாட்டம் என்று நம் வீட்டுக் கட்டுமானமே அதற்குத் தோதாக இருக்கிறது. குறை என்னவென்றால், பங்காளிகள் நிறைந்திருந்த வீட்டில் இப்போது இரண்டே பேர். அப்பத்தா மதியம் கண்ணயர்ந்தால் வளவில் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் பள்ளத்தூர் வீட்டில் இப்படி வைத்தோம்: சார்ஜர் முகப்பில் மட்டும், அப்பத்தா படுத்தால் போன் அவர் தலைமாட்டில், ஹெட்போன் கிடையாது. அந்தக் கடைசி விதியை விட்டுவிடாதீர்கள். அன்று விளையாட்டுக்குள் பேசியவன் குரல் என் காதில் விழுந்ததே ஸ்பீக்கரில் ஓடியதால்தான்.

13 வயதானால் இன்ஸ்டாகிராம் கேட்பார்கள். அதில் பதின்வயதினருக்கான டீன் அக்கவுண்ட் தானாகவே பிரைவேட்டாக இருக்கும், பிள்ளை பின்தொடராதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டால் இந்தக் காவல் கிடைக்காமல் போகலாம். கணக்குத் திறக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

மீறி ஏதாவது நடந்தால், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. யாராவது பிள்ளையிடம் படம் கேட்டாலோ மிரட்டினாலோ குழந்தைகள் உதவி எண் 1098. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நம்மவர்கள் மூடி வைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. கோபத்தில் போனைத் துடைத்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அன்று போனை வாங்கியதும் பையன் முதலில் கேட்டது, "அப்பச்சிகிட்ட சொல்லிடுவீங்களா அத்தை?" என்றுதான். "நீயே சொல்லு, நான் பக்கத்தில் இருக்கேன்" என்றேன். ராத்திரி வீடியோ காலில் அவனே சொன்னான். அப்பச்சி திட்டவில்லை. "அவன் வேற என்ன கேட்டான்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு முந்தின வாரம் வேறொருவன் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது.