பில்லில் புது இம்பெல்லர், எஞ்சினுக்குள் பழசு

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் போட் எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு கராஜ். 15 குதிரைவலு எஞ்சினை எனக்கு அவர்களே விற்று, அவர்களே சேர்விஸும் செய்து தந்தார்கள். இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம்), கியர் ஓயில், பிளக் எல்லாம் மாற்றியதாகப் பில். பெரலில் தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் பண்ணிக் காட்டியபோது பக்கத்து ஓட்டையால் தண்ணீர் நன்றாகத்தான் பீய்ச்சியது. ஆனால் த்ரொட்டிலை முறுக்கியபடியேதான் காட்டினார்கள், ஐடிலில் விடவே இல்லை. "அண்ணே, இது டேம்லயே ஓடின எஞ்சின், யோசிக்காமக் கொண்டு போங்க" என்றார் பாஸ்.

காசல்ரீயில் மெதுவாகப் போகும்போது அந்தப் பீய்ச்சல் நூலாக இளைத்து, அப்புறம் வெறும் ஆவிதான் வந்தது. பெயின்ட் கருகும் வாடை வேறு. உடனே நிறுத்தித் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்ததால் பிஸ்டன் பிழைத்தது.

நோர்வூட்டில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் கழற்றுவதற்கு முன்பே போல்ட் தலைகளைக் காட்டினார். பழைய பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனரே படாத போல்ட்டுக்குள் புது இம்பெல்லர் எப்படிப் போனதோ! உள்ளே ரப்பர் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. இரண்டு இதழ்களுக்கு நுனியே இல்லை. உடைந்த துண்டுகளைத் தண்ணீர்க் குழாய்க்குள் கம்பி விட்டுத்தான் எடுத்தார். கியர் ஓயில் பால் தேத்தண்ணி மாதிரி வடிந்தது. புரொப்பெல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் தங்கூசி (மீன் தூண்டில் நூல்) சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்திருக்கிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு. டேமில் ஓடிய எஞ்சினுக்கு உப்பு ஏது? கடலில் ஓடி, நல்ல தண்ணீரில் கழுவாமலே மலை ஏறி வந்த சாமான் அது.

த்ரீவீலருக்கு ஊற்றும் டூடீ ஓயிலே போதும் என்றும் அந்த பாஸ் சொல்லியிருந்தார். அதுவும் பிழை. தண்ணீரால் குளிரும் இந்த எஞ்சின்களுக்கு டீசி-டபிள்யூ3 (TC-W3) ஓயில்தான். 50:1 கலவை என்றால் 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர்.

வாங்குவதென்றால் ஐடிலில் நன்றாக ஓடவிட்டுப் பாருங்கள். கீழே உள்ள கியர் ஓயில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி நிறம் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மற்றதைவிட நன்றாகக் குறைந்திருந்தால் வேண்டாம். சேர்விஸ் என்றால், கழற்றிய பழைய சாமானைக் கையில் தரும்வரை காசு கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள இறக்கினா நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். போட் எஞ்சினைத் தண்ணீரில் இறக்காமல் தேயிலை மலையிலா ஓட்டுவது? பில்லோடு நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். அதே கராஜில் இப்போது இன்னொரு எஞ்சின், புதுப் பெயின்ட்டோடு, விலைக்கு நிற்கிறது.