மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட்: இப்போது வாங்கத் தகுமா?

ஒரே மிருகத்தைப் பத்து முறை, தேவைப்பட்டால் இருபது முறை வேட்டையாடச் சொன்னால் உங்களுக்குச் சலிப்பு வருமா, அல்லது போன முறையைவிட இரண்டு நிமிடம் விரைவாக முடித்தோம் என்று மனம் நிறையுமா? மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட் என்னும் வீடியோ கேமை வாங்க எண்ணுபவர்கள் விலையையும் கிராபிக்ஸையும் விசாரிப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொள்வது நல்லது. நான் அதை வாங்கி, முதல் பதினைந்து மணி நேரத்திற்குள் இரண்டு முறை கைவிட்டு, மூன்றாம் முறை அதனிடம் வசமாகச் சிக்கி, பிறகு நானூறு மணி நேரத்திற்கு மேல் ஆடியவன். இது ஒருவருக்கு ஏன் பிடிக்காமல் போகும் என்பதும், ஏன் விட முடியாமல் போகும் என்பதும் எனக்கு ஒருங்கே தெரியும்.

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2க்காகத் தொடங்கிய வரிசை இது. நெடுங்காலம் அதன் பெரும்புகழ் ஜப்பானுக்குள்ளேயே இருந்தது. பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவிக்கு வந்த பிறகு, நண்பர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடியமர்ந்து ஆடும் ஆட்டமாக அங்கே வேரூன்றியது. பகுதிக்குப் பகுதி குறுக்கிடும் லோடிங் திரைகளும், எதையும் விளக்கிச் சொல்லாத அதன் போக்கும் மற்ற நாட்டவரைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிட்டன. 2018 ஜனவரி 26 அன்று பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கணினிக்கும் வெளிவந்த வேர்ல்ட், காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடைவெளியின்றி ஓட வழிசெய்ததோடு, புதியவர்களுக்கு ஓரளவு வழியும் காட்டியது. 2 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்று, காப்காமின் வரலாற்றில் மிக அதிகமாக விற்ற கேமாகவும் ஆயிற்று.

ஆட்டத்தின் அடிப்படை எளிமையானது. அஸ்டெரா என்னும் முகாமில் ஒரு பணியை ஏற்றுக்கொண்டு, பூனைச் சமையற்காரர்கள் ஆக்கிப் போடுவதை உண்டு வலுவேற்றிக்கொண்டு, காட்டுக்குள் தடம் பார்த்துச் சென்று, பெரும்பாலும் 50 நிமிடத்திற்குள், மூன்று முறை மயங்கி விழுவதற்கு முன், குறித்த மிருகத்தைக் கொல்லவோ உயிரோடு பிடிக்கவோ வேண்டும். கிடைக்கும் தோல், எலும்பு, செதில், நகம் ஆகியவற்றைப் பட்டறையில் கொடுத்து, அடுத்த மிருகத்தை எதிர்கொள்வதற்கான ஆயுதத்தையும் கவசத்தையும் செய்துகொள்ளலாம். மற்றப் பல கேம்களில் அனுபவப் புள்ளிகள் சேரச் சேரக் கதைநாயகன் தானாகவே வலிமை பெறுவான். இங்கே அந்த ஏற்பாடு கிடையாது. வேட்டைக்காரரின் தரநிலை என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போகும் என்றாலும், அது கடினமான பணிகளுக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டேயன்றி உடல் வலிமை அன்று. நூறு மணி நேரம் ஆடியவர் பழைய கவசத்தை அணிந்துகொண்டு முதல் மிருகத்திடம் திரும்பிச் சென்றால், அதை எளிதில் வீழ்த்தித் தருவது அவருடைய கண்ணும் கையும்தான்.

ஆயுதங்கள் 14 வகைப்படும். ஒவ்வொரு வகையிலும் ஒன்று தொடக்கத்திலேயே உங்கள் பெட்டியில் இருக்கும். எதையும் பணம் கொடுத்தோ காத்திருந்தோ திறக்க வேண்டியதில்லை. இரட்டை வாள், ஈட்டி, சம்மட்டி, வில் என்று பெயரைக் கேட்டதுமே புரிபவையும் உண்டு. வேட்டைக் கொம்பை ஊதியே கூட்டாளிகளுக்கு வலுவூட்டுவது, பூச்சியொன்றை ஏவி மிருகத்தின் சாற்றை உறிஞ்சி வரச்செய்வது போன்ற விசித்திரங்களும் உண்டு. ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது ஏறக்குறைய வேறொரு கேமைத் தொடங்குவதற்குச் சமம். நான் நெடுநாள் கையாண்டது கிரேட் ஸ்வார்டு என்னும் பெருவாள். ஆளுயரமுள்ள அந்த வாளை உருவிக்கொண்டு நடந்தாலே வேகம் பாதியாகக் குறைந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்து மூன்று படிகள் வலுவேற்றி, உரிய கணத்தில் விட்டால்தான் அதன் முழு அடியும் இறங்கும். வீச்சைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்துவதற்கில்லை. ஆகையால் மிருகம் இப்போது நிற்கும் இடத்தைக் குறிவைப்பதில் பயனில்லை. இன்னும் இரண்டு நொடியில் அதன் தலை எங்கே இருக்கும் என்பதைக் கணித்து, அந்த வெற்றிடத்தில் வாளை இறக்க வேண்டும். பொத்தான்களை வேகவேகமாகத் தட்டிப் பழகிய கைக்கு முதலில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். கேமின் கட்டுப்பாடுகள் மந்தமானவை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே விலகிவிடுகிறார்கள். நான் முதல் முறை விலகியதும் இங்கேதான்.

இரண்டாம் முறை விலகியதற்கு அஞ்சனாத் காரணம். தொடக்கக் கட்டத்தின் வாயிற்காவலன் என்று அதைச் சொல்லலாம்: பெரும் பல்லி உடல், எரியும் மூச்சு, ஓங்கிய காலடி. மூன்று மாலைகள் அதனிடம் தோற்றேன். மிருகங்களுக்கு எஞ்சிய உயிரைக் காட்டும் உயிர்க்கோடு எதுவும் திரையில் காட்டப்படாது என்பதால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் தோற்பது இன்னும் கசப்பாக இருந்தது. சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது, அடிப்பதை விட்டுவிட்டு அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். சினம் ஏறும்போது முதுகின் சவ்வு விரிகிறது, மூக்கின் மேல் மடிப்பு எழுகிறது. நெருப்பு உமிழப்போகும் நிலையில் தொண்டை கனன்று ஒளிர்கிறது. கால்களை விடாமல் தாக்கினால் சரிந்து விழுகிறது. களைத்துவிட்டால் எச்சில் ஒழுக நிற்கிறது. சாகும் நிலை நெருங்கினால் நொண்டிக்கொண்டே தன் இருப்பிடத்தை நோக்கிப் போகிறது. உயிர்க்கோட்டில் எழுதியிருக்க வேண்டியது எல்லாம் அதன் உடலிலேயே எழுதியிருந்தது. தண்ணீர் அதற்கு ஆகாது என்று கண்டுகொண்டு, ஜியுராடோடஸ் என்னும் சேற்று மிருகத்தின் உறுப்புகளால் நீர்த்தன்மையுள்ள வாளொன்றைச் செய்து எடுத்துச் சென்றேன். பெருவாளை வலுவேற்றும்போதே தோளால் முட்டி முன்னேறும் ஓர் அசைவு உண்டு. அது மிருகத்தின் கர்ஜனையைக்கூடத் தாங்கும் என்பதையும் அன்றுதான் கையில் உணர்ந்தேன். வால் துண்டாகி விழுந்தது. பிறகு மிருகமும் விழுந்தது. அந்த இரவுக்குப் பின் நான் விலகவில்லை.

சண்டைக்கு வெளியேயும் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. பழங்காடு, சதுப்பும் மணலும் கலந்த வறண்ட வெளி, பவள மேட்டுநிலம், அதன் அடியில் செத்தவை எல்லாம் வந்து விழுந்து அழுகும் பள்ளத்தாக்கு ஆகியவை வெறும் பின்னணிச் சித்திரங்கள் அல்ல. மேலே இறந்த உடல்கள் கீழே வந்து சேர, அங்கே அவற்றைத் தின்று வாழ்பவை காத்திருக்கின்றன என்னும் உணவுச் சங்கிலியைக் கதை சொல்வதற்கு முன்பே நிலம் சொல்லிவிடுகிறது. ஒரு மிருகத்தைத் துரத்திக்கொண்டு போகும்போது மற்றொன்று குறுக்கிட, எல்லைச் சண்டை மூண்டுவிடும். ராத்தலோஸ் பறந்து வந்து அஞ்சனாத்தின் மீது பாயும் காட்சியைப் புதருக்குள் ஒளிந்திருந்து பார்ப்பதற்காகவே சில நாள் வேலையை மறந்திருக்கிறேன். கொடியில் சிக்கவைப்பது, மேலே தொங்கும் பாறையை அதன் தலையில் விழச்செய்வது போன்ற வழிகளைக் காடே தருகிறது. உடன் வரும் பாலிகோ என்னும் பூனைத் துணைவனும் பேருக்கு வருபவன் அல்லன்; உயிர் ஊசலாடும் நேரத்தில் மருந்து கொடுத்துப் பலமுறை காப்பாற்றியிருக்கிறான்.

கதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலையளவு பெரிய ஜோரா மாக்டரோஸைத் தொடர்ந்து புதிய கண்டத்துக்கு வரும் ஆய்வுக் குழுவின் கதை அது, வசனங்கள் சாதாரணமானவை. அந்த மலைமிருகத்தின் மீது ஏறிப் பீரங்கிக் குண்டுகளைச் சுமந்து திரியும் பகுதிகள் முதல் முறை வியப்பூட்டும், இரண்டாம் முறை நேரத்தை வீணாக்கும். தமிழ் மொழி வசதி கிடையாது. ஆங்கில எழுத்துகளை நிறையவே படிக்க வேண்டியிருக்கும். குரலுக்கு மட்டும், அந்த உலகத்துக்கென்றே புனைந்த ஒரு மொழியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் வசனங்களின் சாதாரணத்தன்மை அவ்வளவாக உறுத்துவதில்லை.

நண்பர்களோடு ஆடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் ஓர் இடைஞ்சலை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கதைப் பணிகளில் வரும் காட்சியை ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்து முடிக்கும்வரை மற்றவர் அந்தப் பணியில் சேர முடியாது. ஆகவே இருவரும் தனித்தனியாகப் பணியைத் தொடங்கி, காட்சியைப் பார்த்து, பிறகு ஒருவர் வெளியேறி மற்றவரிடம் வந்து சேர வேண்டும். நால்வர் கூடி ஆடுவதற்காகவே பெயர்பெற்ற ஒரு வரிசையில் இப்படி ஒரு விதியை யார் பொருத்தமென்று எண்ணினார்களோ தெரியவில்லை. கதை முடிந்தபின் இந்தத் தொல்லை இல்லை. அதன்பின் கூட்டு வேட்டைக்கு இணையான மகிழ்ச்சியை வேறு கேம்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். உதவிச் சமிக்ஞையை வானில் எய்தால் முன்பின் அறியாதவர்களும் வந்து சேர்வார்கள். பிளேஸ்டேஷனில் வாங்கியவரும் கணினியில் வாங்கியவரும் ஒன்றாக ஆட முடியாது என்பதால், நண்பர் எதில் வைத்திருக்கிறார் என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கணினியில் இணையவழி ஆடத் தனிச் சந்தா வேண்டாம், பிளேஸ்டேஷனில் வேண்டும். தனியாகவே முழுவதையும் ஆடி முடிக்கவும் முடியும்; நான் பாதிக்கு மேல் அப்படித்தான் ஆடினேன்.

ஐஸ்போர்ன் என்னும் விரிவாக்கம் 2019 செப்டம்பர் 6 அன்று கன்சோல்களுக்கும் 2020 ஜனவரி 9 அன்று கணினிக்கும் வந்தது. பனிநிலமும், பல புதிய மிருகங்களும், மாஸ்டர் ரேங்க் என்னும் கடினமான தரமும் அதில் உள்ளன. ஆனால் மூலக்கதையை முடித்தவர்களுக்கே அது திறக்கும். எனவே இரண்டையும் ஒன்றாக வாங்கிவிட அவசரப்பட வேண்டாம். மூலக்கேம் உங்களுக்கு ஒத்துவந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதில் புதிதாகச் சேர்ந்த கொக்கி நகத்தால் மிருகத்தின் மேல் தாவி ஒட்டிக்கொண்டு அதன் தோலை மென்மையாக்க வேண்டும். பெருவாளுக்கு ஒரு முறை போதும், இலேசான ஆயுதங்களுக்கு இரண்டு முறை தேவை. சண்டையின் இயல்பான தாளத்தை அது குலைப்பதாகவே எனக்குப் படுகிறது. இன்னொன்று: புதியவர்கள் விரைவாக ஐஸ்போர்னை அடைவதற்காக டிஃபெண்டர் என்னும் ஆயுதங்களும் கார்டியன் என்னும் கவசமும் இப்போது இலவசமாகவே வழங்கப்படுகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். அவற்றை வைத்திருந்தால் அஞ்சனாத் சில நிமிடங்களில் விழுந்துவிடும். நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். பின்னர் மாஸ்டர் ரேங்கில் முதல் மிருகத்திடமே திகைத்து நிற்பீர்கள்.

சலிப்பைப் பற்றித் தொடக்கத்தில் கேட்டதற்கு முழுக் காரணம் உயர்தரப் பணிகளில்தான் வெளிப்படும். ராத்தலோஸின் மாணிக்கம் போன்ற அரிய பொருள்கள் நூறு முறையில் ஒருசில முறையே கிடைக்கும். எனக்கு அது கிடைக்கும்போது ராத்தலோஸின் ஒவ்வோர் அசைவும் மனப்பாடமாகியிருந்தது. என்னோடு ஆடிய நண்பருக்கு இரண்டாவது வேட்டையிலேயே கிடைத்தது. கவசத்தில் பதிக்கும் மணிகளும் குலுக்கல் முறையில்தான் வருகின்றன. இந்த இடத்தில் கேம் உங்கள் நேரத்தை மதிக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இதற்குப் பின் வந்தவற்றை வாங்கலாமே என்ற கேள்வியும் நியாயமானதே. 2021இல் நிண்டெண்டோ ஸ்விட்சிலும் அடுத்த ஆண்டு கணினியிலும் வந்த ரைஸ், கம்பிப்பூச்சியைப் பற்றிக்கொண்டு காற்றில் தாவும் வசதியையும் ஏறிச் செல்லும் நாயையும் தந்து வேட்டையைச் சுருக்கமாக்கியது. அரை மணி நேரமே கிடைக்கும் ஒருவருக்கு அது மிகப் பொருத்தம், பழைய கணினியிலும் ஓடும். ஆனால் தடம் பார்த்துப் போகும் பொறுமையான இன்பம் அதில் இல்லை. 2025 பிப்ரவரி 28 அன்று வந்த வைல்ட்ஸ், முதல் மாதத்திலேயே 1 கோடிப் பிரதிகள் விற்றது. அதன் காட்சிகளும் காலநிலை மாற்றங்களும் பிரமிக்கத்தக்கவை. ஆனால் கணினிப் பதிப்பு தடுமாறி ஓடுகிறது என்ற குறை மாதக்கணக்கில் ஸ்டீம் என்னும் இணையவழிக் கேம் கடையின் மதிப்புரைகளில் நிறைந்திருந்தது. அது 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் கேட்கிறது. வேர்ல்டுக்கோ 8 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டும் போதும். ஏழெட்டு ஆண்டுப் பழைய கணினி வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை ஐயமின்றி வேர்ல்ட்தான்.

முழு விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஸ்டீமின் தள்ளுபடிக் காலங்களில் இதன் விலை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குவது வழக்கம், அதற்குக் காத்திருங்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் வாங்காதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் ஸ்டீமில் பணம் திரும்பக் கிடைக்கும். இந்தக் கேமின் முதல் 2 மணி நேரத்தில் கப்பல் பயணமும், அறிமுகப் பேச்சும், எளிதில் விழும் ஒன்றிரண்டு மிருகங்களும்தான் வரும். அதில் உங்கள் முகத்தை வடிவமைக்கும் திரையே அரை மணி நேரத்தை விழுங்கும். அந்த இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம்: பிறகு முகத்தை மாற்றிக்கொள்ள ஒரு முறைதான் இலவசச் சீட்டு உண்டு, அடுத்த முறை அதற்கும் காசு. நானூறு மணி நேரமாக என் வேட்டைக்காரன் கோணல் மூக்கோடுதான் திரிகிறான்.