லோங் ஹோல் ட்ரக்கர் பிறேம்: பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்

சேர்லி நிறுவனத்தின் லோங் ஹோல் ட்ரக்கர் சைக்கிள், 50 அளவு, 26 அங்குலச் சில்லு. பிறேமையும் முன் சில்லைப் பிடிக்கும் போக்கையும் மட்டும் கொழும்பில் ஒருவரிடம் பழையதாக வாங்கி, மீதிச் சாமான்களைச் சேர்த்துத் திருகோணமலையில் ஒரு சின்னத் திருத்தும் கடையில் பூட்டுவித்தேன். தூரப் பயணத்துக்குச் சைக்கிள் தேடுகிற, நடுத்தர உயரமுள்ள நம்மூர் ஆட்களுக்கு இதை மனதார எடுக்கச் சொல்வேன். அளவுதான் அதற்கு முதற்காரணம்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது எல்லோரும் சைக்கிளுக்கு ஓடினோம், கடைகளில் இருந்ததை வாங்கினோம். அளவு கேட்டால் "சீற்றை ஏத்தி இறக்கினால் சரி" என்பதுதான் பதில். சந்தைக்கும் உப்புவெளிக்கும் போய்வர அது போதும். ஆனால் இரண்டு பக்கமும் பையைக் கட்டிக்கொண்டு, ஆனி ஆடியில் கச்சான் காற்று முகத்தில் அறைய, கந்தளாய்ப் பக்கம் மணிக்கணக்காக மிதித்துப் பாருங்கள், அப்போது தெரியும். சீற் உயரம் சரிசெய்வது காலை மட்டும்தான். சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் உள்ள தூரத்தைப் பெரும்பாலும் பிறேம்தான் முடிவுசெய்கிறது, அந்தத் தூரம் கூடினால் உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கி, சின்ன விரலும் மோதிர விரலும் விறைக்கும், கழுத்து இறுகும். நண்பர் ஒருவரின் பெரிய பிறேமில் எனக்கு நடந்தது இதுதான், சீற்றை எவ்வளவு இறக்கியும் தீரவில்லை.

அதனால் வாங்கமுதல் உங்களை அளவுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை அளந்தால் உள்கால் நீளம் வரும். எனக்கு 79 சென்ரிமீற்றர். அதை 0.883ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 70, பெடல் அச்சின், அதாவது பெடல் தண்டுகள் இரண்டும் சேருகிற பிறேமின் அடி அச்சின், நடுவிலிருந்து சீற்றின் மேற்பகுதி வரை உள்ள உயரம் அது. இது தொடக்கம்தான், ஓடிப் பார்த்து ஐந்து பத்து மில்லிமீற்றர் மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது பலர் பார்க்காமல் விடுவது. 50, 54 என்று பிறேமில் எழுதியிருப்பது சீற் குழாயின் நீளம், அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நிறுவனங்கள் வெளியிடுகிற அளவு அட்டவணையில் ஸ்ராக், ரீச் என்று இரண்டு இருக்கும்: பெடல் அச்சிலிருந்து ஹாண்டில் குழாயின் தலை எவ்வளவு மேலே, எவ்வளவு முன்னே என்பது. உங்களுக்குச் சுகமாக இருக்கிற ஒரு சைக்கிளில் அளவு ரேப்பைப் பிடித்து அதே இரண்டையும் அளந்து, அதோடு ஒப்பிடுங்கள். எட்டவில்லை என்பதற்காகச் சீற்றை முன்னுக்கு இழுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதனால் முழங்கால் பெடலுக்கு முன்னே போய் வேறு நோவு தொடங்கும். தூரத்தை ஸ்ரெம்மில், அதாவது ஹாண்டிலைப் போக்கோடு இணைக்கும் துண்டில், குறையுங்கள்.

இனி இந்தப் பிறேம். சின்ன அளவுகளுக்கு 26 அங்குலச் சில்லு கொடுத்திருப்பதை நான் மிகப் பெரிய நன்மையாகப் பார்க்கிறேன். சின்னப் பிறேமில் அதைவிடப் பெரிய 700சி சில்லைப் போட்டால், மெதுவாக வளைக்கும்போது பெருவிரல் முன் மட்காட்டில் முட்டும், இதில் முட்டவில்லை. ரயரும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: மலைச் சைக்கிள் 26க்கு றிம் அளவு 559 மில்லிமீற்றர், பழைய ரோட்ஸ்டர்களில் வருகிற 26 x 1 3/8க்கு 590. இரண்டும் 26 என்றே விற்கப்படும், ஒன்றுக்கொன்று பொருந்தாது, ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

பெடல் அச்சிலிருந்து பின் சில்லு வரை போகிற பின் குழாய் 460 மில்லிமீற்றர் நீளம், பின் கரியரில் பெரிய பைகளைக் கொழுவினாலும் குதிகால் இடிக்காது. பாரத்தோடு போகும்போது வண்டி ஆடாமல் நேர்கோட்டில் போகிறது, கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று தள்ளினபோதும் பிடி நழுவவில்லை. மூன்று போத்தலுக்கு இடம் உண்டு, குச்சவெளிப் பக்கம் வெயிலில் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

திருத்தும் கடைக்கார அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் ஸ்ரெம் பூட்டுகிற போக் குழாயை வெட்டி வடிவாகப் பூட்டித் தாங்கோ என்றேன். "தம்பி, இப்ப வெட்ட வேண்டாம். வளையங்களைப் போட்டுவிடுறன், கொஞ்ச நாள் ஓடிப் பாரும், பிறகு வெட்டுவம்" என்றார். ஹாண்டில் சீற்றின் மட்டத்துக்கு வந்தபோதுதான் என் முதுகு சுகப்பட்டது, முதலில் வெட்டியிருந்தால் அது முடியாது. ஸ்ரெம்மையும் 100இலிருந்து 80 மில்லிமீற்றருக்கு மாற்றியது அவருடைய யோசனை. ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, திரும்பவும் ஏற்றி, கொஞ்சமும் அலுக்காமல் செய்தார். இப்படி ஆட்கள் இருக்கிறபோது கொழும்புக்கு ஏன் போக வேண்டும்?

குறைகள் உண்டு. மேல் குழாய் எனக்குக் கொஞ்சம் நீளம், வளைந்த ஹாண்டில் போட்டால் சின்ன ஸ்ரெம் கட்டாயம். மேல் குழாய் அதிகம் சரியாமல் போவதால் கால் குட்டையானவர்கள் நின்று பார்த்தே வாங்க வேண்டும், எனக்கு இரண்டு விரல் இடைவெளிதான். பாரமும் அதிகம், மாடியில் இருப்பவர்கள் யோசியுங்கள். குரோமொலி இரும்பு, நம் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்கும், பூட்டமுதல் குழாய்களுக்குள் துரு எண்ணெய் அடித்து, சீற் கம்பிக்குக் கிறீஸ் பூசுங்கள்.

இந்த மொடல் இப்போது புதிதாக வருவதில்லை, டிஸ்க் பிறேக் உள்ள டிஸ்க் ட்ரக்கர்தான் வருகிறது. பழையது வாங்குகிறீர்கள் என்றால் காசு அனுப்பமுதல் போக் குழாய் எவ்வளவு நீளத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று ரேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டையாக வெட்டியிருந்தால், பிறேம் உங்கள் அளவாகவே இருந்தாலும் எடுக்க வேண்டாம்.