ஓபல் கண்ணாடி: வெள்ளை அப்படியே இருக்கிறது, பூதான் போய்விட்டது

எங்கள் வீட்டில் பல வருஷமாகத் தினமும் புழங்குவது ஓபல் கண்ணாடித் தட்டும் கிண்ணமும்தான். மேசை விளக்கின் உருண்டைக் கூடும் அதே பால் வெள்ளைக் கண்ணாடி. புதிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இந்த வெள்ளை எத்தனை நாள் தாங்கும்?" என்றுதான். வெள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதன் மேல் ஒட்டியதுதான் போகும்.

ஏனென்றால் இது பூச்சு இல்லை. கண்ணாடியை உருக்கும்போதே ஃப்ளூரைடு உப்புகளைச் சேர்த்துவிடுகிறார்கள். உருகிய கண்ணாடிக் குழம்பு ஆறும்போது அவை நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து உள்ளே எங்கும் பரவி நிற்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.5, அந்தப் படிகங்களில் ஒன்றான கால்சியம் ஃப்ளூரைடுக்கு 1.43. இந்தச் சின்ன வித்தியாசமே வெளிச்சத்தைச் சிதறடிக்கப் போதும், அதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. எங்கள் கிண்ணம் ஒன்றின் விளிம்பு லேசாகப் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடத்திலும் அதே வெள்ளைதான்.

தட்டைப் பற்றி வரும் பெரிய புகார் சாம்பல் நிறக் கோடுகள். கீறல் என்று நினைத்து மனம் நொந்து போகிறார்கள். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படாது. பெரும்பாலும் அது ஸ்டீல் கரண்டி உரசி விட்டுப்போன உலோகம். சமையல் சோடாவைக் குழைத்து மென்மையான துணியால் தேய்த்தால் போய்விடும். கம்பி நார் மட்டும் வேண்டாம், பளபளப்பே போய்விடும். எண்ணெய்க் கறை, வாடை எதுவும் உள்ளே இறங்காது. மெலமைன் பிளாஸ்டிக் தட்டிலிருந்து மாறியவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

பூ டிசைன் கதை வேறு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் காரமான தூளில் முதலில் வெளுப்பது அதுதான். தங்க விளிம்பு இருந்தால் மைக்ரோவேவ் பக்கமே போகக் கூடாது, பொறி பறக்கும். ஆகவே என் ஓட்டு வெறும் வெள்ளைக்குத்தான்.

உடைவதைப் பற்றி: டெம்பர்டு செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய தட்டு மெல்லிசாக இருந்தாலும் சின்னச் சின்ன விழுதலைத் தாங்கும். ஆனால் உடைந்தால் சில்லுகள் அறை முழுக்கத் தெறிக்கும், அதுவும் கூர்மையாக. 1970இல் கார்னிங் என்ற கண்ணாடி நிறுவனம் கொண்டுவந்த கோரெல் தட்டுகள் வேறு ரகம். மூன்று அடுக்குக் கண்ணாடியை ஒன்றாகச் சேர்த்துச் செய்வது. எதுவானாலும் அடுப்புத் தீயில் நேராக வைக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிப்பதை ஊற்றவும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் இந்தக் கண்ணாடி பிறந்ததே விளக்குக்காகத்தான். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் பல்பு இருக்கும் இடம் பளிச்சென்று உறுத்தும், எண்ணெய்க் கை பட்ட இடம் திட்டுத் திட்டாகத் தெரியும். ஓபலில் பல்பு எங்கே என்றே தெரியாது, உருண்டை முழுதும் ஒரே சீராக ஒளிரும். வழவழப்பாக இருப்பதால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். வெளிச்சம் ஓரளவு குறையும்தான், அதற்கு ஏற்ப பல்பைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் கூடுகள் நாளாக நாளாக மஞ்சளடிக்கின்றன, இது அப்படி ஆகவில்லை. லண்டன் பிக் பென் கடிகாரத்தின் ஒவ்வொரு முகத்திலும் 324 ஓபல் துண்டுகள் பதித்திருப்பதும், பின்னாலிருந்து வரும் விளக்கொளி முகம் முழுவதும் பரவத்தான்.

அப்புறம், பழைய பொருள் தேடுபவர்களுக்கு ஒன்று. மெல்லிய விளிம்பை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சில பழைய துண்டுகளில் நெருப்புப் போல ஆரஞ்சு நிறம் ஓடும். நீல ஒளி அதிகமாகச் சிதறிவிட, சிவப்புப் பக்கம் மட்டும் ஊடுருவி வருவதால் அப்படி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மேலே வண்ணச் சித்திரம் இருந்தால் அதில் சாப்பிட வேண்டாம், அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பேனா போட்டு வையுங்கள், போதும்.